சைஸ் குறைந்த ஏகாம்பரம்

போன ஞாயிற்றுக்கிழமை, ஒரு வீடியோவின் சைஸைக் குறைத்துக் கொடுத்த குற்றத்துக்காக ஒரு குப்பமே என்னைத் திரும்பிப் பார்த்தது. முறைத்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

இத்தனைக்கும் நான் செய்தது சுத்தமான வேலை. எந்த எடிட்டரிடம் காட்டினாலும் முதுகில் தட்டிக் கொடுப்பார். அப்புறம் எதற்கு முறைத்தார்கள்? சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும் — எழுத வருவதற்கு முன்னால் எனக்குச் சோறு போட்டது எடிட்டிங் அறை. கல்யாணம், காதுகுத்து, சீரியல், பல்பொடி விளம்பரம்… கைக்கு வந்ததையெல்லாம் வெட்டி ஒட்டியிருக்கிறேன். இப்போது ஜாகை பொன்னேரியில். ஞாயிறு ஆனால் பழவேற்காட்டுக்கு பஸ் ஏறுவேன், நண்டு வாங்குவேன், திரும்பி வந்துவிடுவேன். அதற்கு மேல் அந்த ஏரிக்கும் எனக்கும் பெரிய உறவு கிடையாது.

நண்டு விற்பவர் தேசம்மா. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து படகில் வருகிறவர். எடை போடும்போது வாயும் கையும் ஒன்றாக ஓடும். அன்றைக்கு இரண்டும் ஓடவில்லை.

“சார், நீங்க சினிமா படம்லாம் வெட்டுவீங்கன்னு சொன்னீங்களே… இத கொஞ்சம் பாருங்க” என்று போனை நீட்டினார்.

நான் சினிமா எதையும் வெட்டியதில்லை. ஆனால் திருத்தவில்லை. இப்படிக் கிடைக்கிற மரியாதையைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

போனில் ஒரு வீடியோ. நீலமாக ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அதன் நடுவில் பழுப்பு நிறத்தில் சில சதுரங்கள் இங்கும் அங்கும் பறந்தன. ‘வேலு… வேலு…’ என்று ஒரு குரல் காற்றோடு மல்லுக்கட்டியது.

“யாரும்மா இது?”

“எங்க வூட்டுக்காரரு சார்.”

தேசம்மாவின் கணவர் ஏகாம்பரம், வளைகுடாவில் ஒரு மீன்பிடி போட்டில் கூலிக்கு இருக்கிறார். கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் சிக்னல் கிடையாது. துறைமுகத்துக்கு வந்தால்தான் பேச்சு. போனது தப்பில்லை, பிரச்சினை அவர் ஊரில் விட்டுப்போன பாடு.

தெரியாதவர்களுக்கு: ஏரியில் இறால் ஓடும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் ஊர் கூடிச் சீட்டு எடுத்து, யாருக்கு எந்த இடம், யாருக்கு எந்த முறை என்று பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். பாட்டுக்காரர், அதாவது பாடு கிடைத்தவர், ஊரில் இல்லையென்றால், இவர்கள் குப்பத்தில் அவருடைய கூடப்பிறந்தவன் இறங்கலாம். வேறு யாராவது இறங்க வேண்டுமென்றால் பாட்டுக்காரர் ஊர் முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் நினைத்தபோது வர முடியாது என்பதால் வீடியோவையும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை — முகம் தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும்.

“என் தம்பி வேலு எங்க வூட்லதான் சார் கீறான். அவன் எறங்குனா வர்றது எங்க வூட்டுக்கு வரும். புள்ளைங்க சோறு துன்னும். இல்லன்னா எங்க மச்சினன் எறங்குவாரு. அவருக்கு அவரு பாடு வேற கீது. எங்களுக்கு இன்னா மிஞ்சும், சொல்லுங்க?”

மச்சினன் என்றால் ஏகாம்பரத்தின் தம்பி கன்னியப்பன். ‘அண்ணன் பாட்டுல நான் எறங்காம மாமியார் வூட்டு ஆளு எறங்கறதா?’ என்று ஆரம்பித்து, அண்ணனும் தம்பியும் சில மாதங்களாகப் பேசிக்கொள்வதில்லையாம். ஊர்த் தலைவரிடம் தேசம்மா இந்த வீடியோவைக் காட்டியிருக்கிறார். அவர் போனைத் தூரமாகப் பிடித்து, கிட்டப் பிடித்து, கடைசியில் கேட்டாராம்: “எனக்குக் கண்ணு போச்சா, இல்ல இதுல மூஞ்சியே இல்லியா?”

அடுத்த ஞாயிறு ஊர்க்கூட்டம். அதற்குள் முகம் தெரிகிற வீடியோ வந்தாக வேண்டும்.

“ஒரிஜினல் அவரு போன்ல கண்ணாடி மாதிரி கீதாம் சார். அனுப்பனா போவ மாட்டேங்குதாம். சுத்திக்கினே கீதாம்.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. இதைப் பார்த்து எத்தனை ராத்திரி தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்!

வீடியோவைச் சுருக்குகிற மென்பொருள் இருக்கிறதே, அது ஒரு மகா கஞ்சன். ஒரு ஃபிரேமை முழுசாக எழுதிக்கொள்ளும். அடுத்த ஃபிரேமில் எது மாறியிருக்கிறதோ, அதை மட்டும் எழுதும். பின்னால் சுவர் இருக்கிறதா? ‘அதே சுவர்தான்’ என்று தாண்டிவிடும். உதடு அசைகிறதா? உதட்டை மட்டும் எழுதும். இப்படி மிச்சம் பிடித்துப் பிடித்துத்தான் பெரிய ஃபைலைச் சின்னதாக்குகிறது.

தண்ணீரைக் கண்டால் மட்டும் இந்தக் கஞ்சனின் கணக்கு எடுபடாது. ஒவ்வொரு அலையும் புதுசு, ஒவ்வொரு மினுமினுப்பும் புதுசு. எதைத் தாண்டுவது? இருக்கிற டேட்டாவையெல்லாம் கடலே வாரிக்கொண்டு போகும், முகத்துக்கு மிச்சம் மீதிதான். தண்ணீர், காற்றில் ஆடும் தென்னை, கல்யாண மேடையில் விழும் அட்சதை — இந்த மூன்றையும் கண்டால் எந்த எடிட்டரும் கும்பிடு போட்டுவிடுவார்.

ஏகாம்பரம் என்ன செய்திருக்கிறார்? ஊரே பார்க்கப்போகிறது என்று, போட்டின் விளிம்பில் நின்று, முழுக் கடலையும் பின்னால் வைத்துக்கொண்டு, போனில் இருப்பதிலேயே பெரிய அளவான 4K-யில், நொடிக்கு அறுபது ஃபிரேமில் எடுத்திருக்கிறார். நடுவில் வலையைக் காட்டியிருக்கிறார். பறவையைக் காட்டியிருக்கிறார். கூட இருக்கும் ஆட்களைக் காட்டியிருக்கிறார். இதை, நாம் எல்லோரும் காலை வணக்கம் அனுப்புகிற அதே ஆப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால், ஆப் தன் பங்குக்கு இன்னொரு தடவை பிழியும். பிழிந்தது. கடல் வந்தது, ஏகாம்பரம் வரவில்லை.

அவரைக் குறை சொல்ல முடியுமா? மீன் பிடிக்கிறவரை ‘உன்னைக் காட்டு’ என்றால் கடல் முன்னால்தான் நிற்பார். வேறெங்கே போய் நிற்பார்?

“அவருக்கு வாய்ஸ் மெசேஜ் போடணும், போனைக் குடும்மா” என்றேன். நண்டுக் கூடைக்குப் பக்கத்திலேயே நின்று பேசினேன். கேமரா செட்டிங்கில் போய் 4K-யை எடுத்துவிட்டு 1080 வையுங்கள், ஃபிரேம் முப்பது போதும். கடல் வேண்டவே வேண்டாம் — ஒரு வெள்ளைச் சுவராகத் தேடி, அதற்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். போனைக் கையில் பிடிக்காமல் எதன் மேலாவது சாய்த்து வையுங்கள். விஷயத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்லுங்கள். அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்புங்கள், அப்போதுதான் ஆப் கை வைக்காது. 

இதோடு நிறுத்தியிருக்கலாம். தொழில் புத்தி விடுமா?

“முக்கியமா ஒண்ணு. ஆடாதீங்க, அசையாதீங்க. கையைக் கீழே தொங்கவிட்டுட்டு, நேரா கேமராவைப் பார்த்துப் பேசுங்க. அசைஞ்சா சைஸ் ஏறிடும்.”

தேசம்மா அதற்குள் இன்னொருவருக்கு நண்டு எடுத்துக் கொடுக்கப் போயிருந்தார், இது அவர் காதில் விழவில்லை. நான் நண்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வியாழக்கிழமை ஏகாம்பரம் அனுப்பிவிட்டார். அனுப்பின கையோடு போட் கிளம்பிவிட்டது, இனி திரும்பினால்தான் பேச்சு. தன் போனில் அது திறக்காததால் தேசம்மா அதை அப்படியே எனக்குத் தள்ளிவிட்டு, கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தார். கூட்டத்துக்கு முன்னாலேயே ஊரில் எல்லோர் போனிலும் இந்த வீடியோ இருக்க வேண்டுமாம். அப்போதுதான் ‘நான் பாக்கல’ என்று யாரும் பேச முடியாது. குப்பத்தில் சிக்னல் ஒரு கோடு வந்தாலே பெரிய விஷயம். வந்த ஃபைல் அதற்குப் பெரிசு.

லேப்டாப்பைத் திறந்தேன். ரொம்ப நாள் கழித்துக் கைக்குப் பிடித்த வேலை.

தேங்காயை ஒரு முறை பிழிந்தால் பால், பிழிந்த சக்கையையே திரும்பத் திரும்பப் பிழிந்தால் கழுநீர். அதனால் நேராக ஒரிஜினலிலிருந்து, ஒரே ஒரு முறைதான் சுருக்க வேண்டும். பார்க்கப்போவது போன் திரையில், ஆகவே 720 போதும். பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு இவ்வளவு டேட்டா என்ற கணக்கை, ஒரே எண்ணில் பூட்டவில்லை. தரத்தை நிலையாக வைத்து, அளவை அதன் போக்கில் விட்டேன் — தேவைப்படும் இடத்தில் செலவு செய், தேவையில்லாத இடத்தில் மிச்சம் பிடி என்று. புதிய கோடெக்கில், அதாவது புதிதாக வந்த சுருக்கும் முறையில், போட்டால் இன்னும் சின்னதாகும். ஆனால் குப்பத்தில் இருக்கும் பழைய போன்கள் அதைக் கண்டால் கருப்புத் திரையைக் காட்டும். அதனால் எங்கும் ஓடும் எச்.264. ஒரு மனிதர் பேசுவதற்கு ஸ்டீரியோ எதற்கு? மோனோ.

காற்றும் இன்ஜினும் பின்னணியில் இரைந்துகொண்டிருந்தன. துடைத்தேன். குரல் மட்டும் நின்றது. ஏகாம்பரம் என் சொல் தட்டாதவர். வெள்ளைச் சுவர், தொங்கும் கைகள், நேர்ப் பார்வை. ‘என் பாட்டில் வேலு இறங்கட்டும். இது என் சம்மதம்.’ அவ்வளவுதான்.

அன்று ராத்திரியே எக்ஸ்போர்ட் முடிந்தது, தேசம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். மீசையை முடி முடியாக எண்ணலாம், சைஸோ ஒரு காலை வணக்கப் படத்துக்கு அண்ணன் அளவுதான். பெருமையாக இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “யாரு இவரு, பாஸ்போர்ட் போட்டோவா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். கலை தெரியாத வீடு என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தார் தேசம்மா. “டி.வி.ல போட்டுக் காட்டணுமாம். ஓடலன்னா யாரு சார் பாக்கறது?” படகில் கூட்டிப்போனது வேலுதான். மீசை முளைத்து முடிந்த வயசு. அக்கா வீட்டுச் சோறு தன்னை நம்பித்தான் இருக்கிறது என்று தெரிந்த முகம்.

கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு ஷெட். ஆண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஓரமாக நின்றிருந்தார்கள். சுவரில் டி.வி. பென்டிரைவைச் சொருகினேன். ஏகாம்பரம் வந்தார், பேசினார், முடித்தார். டி.வி.யிலும் ஒரு சதுரம் உடையவில்லை. நான் தேசம்மா பக்கம் திரும்பி லேசாகத் தலையாட்டினேன்.

தலைவர் தொண்டையைச் செருமினார். “மூஞ்சி தெரியுது. பேச்சு கேக்குது. கன்னியப்பா, இன்னாடா சொல்ற?”

முன்வரிசையில் இருந்த கன்னியப்பன் டி.வி.யைப் பார்த்தபடியே, “இன்னோர் தபா போடச் சொல்லு” என்றார்.

போட்டேன்.

“இன்னோர் தபா.”

மறுபடியும் போட்டேன். அவர் எழுந்து டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“இது எங்கண்ணன் இல்ல.”

ஷெட் முழுக்கச் சலசலப்பு. பின்னாலிருந்து ஒருவர், “இப்பல்லாம் ஏ.ஐ.னு ஒண்ணு வந்துகீது. செத்தவனையே பேச வெக்கறான்” என்றார். “அதான பாத்தேன், எவ்ளோ சுத்தமா கீது பாரு!” என்றார் இன்னொருவர். எல்லாக் கண்களும் என் மேல் திரும்பின. கம்ப்யூட்டர்காரன் இங்கே நான் ஒருத்தன்தானே?

தேசம்மா ஓரத்திலிருந்து வெடித்தார். “இன்னா பேச்சு பேசற நீ? கூடப் பொறந்தவன் மூஞ்சி தெரியலியா உனக்கு? பாடு வேணும்னா வேணும்னு கேளு. இப்டி வாய் கூசாம பேசாத!”

“மூஞ்சி தெரியுது அண்ணி” என்றார் கன்னியப்பன். “மூஞ்சி தெரியறதாலதான் பயமா கீது.”

டி.வி.யில் நின்றிருந்த அண்ணனை விரலால் காட்டினார்.

“கை எங்க? அவன் கை எங்கன்னு கேக்கறேன்! எங்கண்ணன் ஒரு சொம்புத் தண்ணி கேக்கணும்னா ரெண்டு கையும் வேணும் அவனுக்கு. எங்க நைனா கை அது, அப்டியே வந்துகீது. போன்ல பேசும்போதுகூட எதுர்ல ஆள் இருந்தா அடிபட்டுடும். அவன் இப்டி நிப்பானா? பாரு… எவனோ எதுர்ல கத்தி வெச்சினு நிக்கற மாதிரி நிக்கறான். ‘இது என் சம்மதம்’னு சொல்றான். எங்கண்ணன் வாயில ‘சம்மதம்’னு ஒரு வார்த்தை வந்து யாருனா கேட்டுக்கிறீங்களா?”

யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

“கடல் சத்தம் இல்ல, காத்து இல்ல. எங்கயோ ஒரு ரூம்புல போட்டு வெச்சிக்கிறாங்க அவன.” கன்னியப்பனின் குரல் உடைந்தது. “தலைவரே, பாடு கெடக்கட்டும். வேலுவே எறங்கட்டும், எனக்கு வாணாம். எனக்கு எங்கண்ணனாண்ட ஒரு வாட்டி பேசணும். எப்டினா லைன் புடிச்சிக் குடுங்க. நான் வேற அவன்கிட்ட பேசாம இருந்துட்டேன்… அவனுக்கு இன்னாவோ ஆயிடுச்சி.”

லுங்கி நுனியை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அவ்வளவு பெரிய ஆள், தோள் குலுங்க அழுதார். தேசம்மா கூட்டத்தைத் தாண்டி வந்துவிட்டார். பெண்கள் உள்ளே வரக் கூடாது என்று அப்போது யாருக்கும் நினைவில்லை.

“எனக்கும் வியாழக்கெழமலேர்ந்து அப்டித்தான் கீது கன்னி. புள்ளைங்க பயந்துடும்னு சொல்லல” என்றார் தேசம்மா. அவரும் அழ ஆரம்பித்தார். மூன்று நாளாக இந்தப் பெண் இதை மனசில் வைத்துக்கொண்டா எல்லோர் போனுக்கும் வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தார்?

நான் எழுந்தேன். வேறு வழி?

“ஐயா… அவருக்கு ஒண்ணும் ஆகலை. கையை ஆட்டாதீங்கன்னு நான்தான் சொன்னேன். சுவர் முன்னால நிக்கச் சொன்னதும் நான்தான். காத்து சத்தத்தை நான் துடைச்சிட்டேன்.”

தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னாத்துக்கு?”

“சைஸ் குறையறதுக்கு…”

மொத்த ஷெட்டும் என்னைத் திரும்பிப் பார்த்து முறைத்தது. கையோடு கொண்டுபோயிருந்த என் லேப்டாப்பில், நான் கை வைக்காத ஒரிஜினல் இருந்தது. அதை எடுத்து, சத்தத்தோடு போட்டேன். இன்ஜின் இரைந்தது, காற்று அடித்தது, யாரோ பக்கத்தில் இந்தியில் திட்டினார்கள். வீடியோ முடிகிற இடத்தில் ஒரு நொடி — நான் நறுக்கென்று வெட்டி எறிந்திருந்த நொடி. ‘சம்மதம்’ என்று முடித்ததும் ஏகாம்பரம் விட்டாரே ஒரு மூச்சு! இரண்டு கையையும் மேலே தூக்கி உதறினார். “அவ்ளோதான்டா சாமி! கையக் கட்டிப்போட்டு ஒரு மனுசன பேசச் சொல்றான், எவன்டா அவன்!” என்றபடி போனை நிறுத்த வந்தார். கை இடித்து போன் சரிந்து, கூரை தெரிந்தது.

முதலில் சிரித்தது கன்னியப்பன்தான். கண்ணில் தண்ணீர் நிற்கும்போதே சிரித்தார். பிறகு ஷெட்டே சிரித்தது. ‘எவன்டா அவன்’ என்று ஆளாளுக்கு என்னைக் கைகாட்டிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

சிரிப்பு அடங்கியதும் தலைவர் கேட்டார்: “அப்ப இது ஏகாம்பரம்தான். பாடு விஷயம் இன்னாடா? மொதல்லேர்ந்து பேசலாமா?”

கேட்கலாம்தான். அழுகையில் விட்டுக்கொடுத்ததை, அழுகை நின்றதும் திருப்பிக் கேட்கிறவர்களை நாம் பார்த்ததில்லையா? தேசம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலு தரையைப் பார்த்தான்.

“அதான் சொல்லிட்டேனே” என்றார் கன்னியப்பன். “வேலு எறங்கட்டும். மொத நாள் நான் கூடப் போறேன். அவனுக்கு அந்த எடத்துல தண்ணி எப்டி இழுக்கும்னு தெரியாது.”

திரும்பும் படகில் யோசித்துப் பார்த்தேன். மென்பொருள் மேல் தப்பில்லை. எது முக்கியம், எது வீண் என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். நான் சொன்னேன்: முகம் முக்கியம், குரல் முக்கியம், மற்றதெல்லாம் வீண். ஊர்க் கட்டுப்பாடும் அதைத்தான் கேட்டது. ஆதார் எடுக்கும் இடத்திலும் முகம், ரேகை என்றுதான் கேட்கிறார்கள். சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்த தம்பி மட்டும் வேறெதையோ தேடினார். ஆளை அடையாளம் காண்பது வேறு, ஆளைத் தெரிந்திருப்பது வேறு போலிருக்கிறது.

இதையெல்லாம் நான் அங்கே சொல்லவில்லை. படகு கிளம்பும்போது கன்னியப்பன் கரையிலிருந்து கத்தினார்:

“சார்! அடுத்த தபா எங்கண்ணன் கைல மட்டும் கை வெக்காத. சைஸ் பத்தலன்னா மூஞ்சிய கம்மி பண்ணிக்க!”